இரு கரைக்கும் நடுவே ஓர் ஆட்காட்டி

முள்ளியாற்றின் நடுவில் ஒரு கூழாங்கல் திட்டு இருந்தது. அந்தத் திட்டில் ஆட்காட்டிப் பறவைகள் குடியிருந்தன.

ஆட்காட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட மஞ்சள் கால், கண்ணோரம் சிவந்த சதை, ஒரு சாண் உடம்பு. மரத்தில் உட்காரத் தெரியாது. கூடு கட்டத் தெரியாது. வெறும் கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு, அரண்மனையில் இருப்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதன் குரல் இருக்கிறதே! காட்டின் இந்தக் கோடியில் கிளம்பினால் அந்தக் கோடியில் கேட்கும்.

அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் யார் கால் வைத்தாலும் கூவ வேண்டும். புலி வந்தாலும் கூவும். முயல் வந்தாலும் கூவும். சொந்த மாமனார் விருந்துக்கு வந்தாலும் முதலில் கூவிவிட்டுத்தான் "வாங்க" என்று சொல்லும்! வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துக்கொள்வது கேட்பவர் பாடு. பயந்தவர் ஓடலாம், பசித்தவர் மேயலாம். காடு முழுவதும் அந்தக் குரலை நம்பித்தான் தண்ணீர் குடித்தது.

ஆற்றின் கிழக்குக் கரையில் யானைகள் இருந்தன. மேற்குக் கரையில் காட்டெருமைகள் இருந்தன. இரண்டும் கொஞ்சமாக இருந்த காலத்தில் ஒன்றையொன்று கண்டுகொண்டதே இல்லை. பிறகு சில வருடங்கள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. புல் வளர்ந்தது. புல்லைத் தின்றவர்களும் வளர்ந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் கூட்டம் பெரிது, உடம்பு பெரிது, ரோஷம் அதைவிடப் பெரிது.

அந்த நேரம் பார்த்து மழை பொய்த்தது. ஆறு வற்றி, திட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் தங்கியது.

யானைக் கூட்டத்தின் தலைவி கரியம்மை மேற்கே பார்த்தது. "அந்தப் பக்கம் இந்த வருசம் கன்னு ரொம்ப அதிகமா இருக்கே! எதுக்கு இத்தனை கன்னு?" என்று கேட்டது.

கன்று எதற்குப் போடுவார்கள்? போடும் காலம் வந்தால் போடுவார்கள்! ஆனால் பயம் வந்துவிட்டால் தொட்டில்கூடப் படைக்கலமாகத்தான் தெரியும்.

காட்டெருமைகளின் தலைவன் திமிலன் கிழக்கே பார்த்தது. "யானைங்க மரத்தைத் தள்ளுது, பாத்தீங்களா? எந்தப் பக்கம் விழுது? மேற்கே! நம்மளக் குறி வச்சுத்தான்!" என்று உறுமியது.

ஆற்றங்கரை மரம் ஆற்றுப் பக்கம்தான் சாயும். அதை யார் சொல்வது?

திமிலன் தன் காளைகளை அழைத்துப் புற்றுகளில் கொம்பைத் தீட்டச் சொன்னது. அந்தச் சரசரப்பு கிழக்குக் கரைவரை கேட்டது.

"கொம்பு தீட்டுறாங்க! சும்மா இருந்தா சரிப்படாது" என்றது கரியம்மை. யானைகள் மரங்களை இழுத்து வந்து கரையோரம் வேலிபோல அடுக்கின.

"வேலி போடுறாங்க! இனிமே தூங்கக் கூடாது" என்றது திமிலன். காட்டெருமைகள் இன்னும் பல புற்றுகளை முட்டித் தள்ளின.

இரண்டு பக்கமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "எல்லாம் தற்காப்புக்குத்தான்!"

நடுவில் அகப்பட்டவர்கள் பாடு திண்டாட்டம் ஆனது. மான்கள் தண்ணீருக்குப் போகும் தடத்தை மரவேலி அடைத்துவிட்டது. பன்றிகள் கிழங்கு தோண்டும் நிலத்தைக் காவல் கால்கள் மிதித்துக் கட்டாந்தரை ஆக்கிவிட்டன. கரடி தலையில் கை வைத்து உட்கார்ந்தது. "கரையான் புற்று எல்லாம் போச்சு! என் சோத்துப் பானையில கொம்பைத் தீட்டிட்டாங்களே!" என்று புலம்பியது.

எல்லோரும் மருத மரத்தடியில் கூடினார்கள்.

"கிழக்கே சாஞ்சுருவோம். யானைதான் பெருசு!" என்றது மான்.

"மேற்கே சாஞ்சுருவோம். எருமைதான் வேகம்!" என்றது முள்ளம்பன்றி.

"கிழக்கே போய்க் கிழக்குன்னு சொல்லலாம், மேற்கே போய் மேற்குன்னு சொல்லலாம்" என்றது மயில், தோகையை நீவிக்கொண்டே.

கூட்டம் கலைந்தது. வந்ததைவிட அதிகப் பயத்தோடு எல்லோரும் திரும்பினார்கள்.

இதற்கிடையில் கரியம்மைக்கு ஒரு யோசனை தோன்றியது. எதிரி எப்போது ஆற்றில் இறங்குகிறான் என்று முதலில் பார்ப்பது ஆட்காட்டிதானே? அதை நம் பக்கம் இழுத்துக்கொண்டால்? மறுநாளே மெல்ல நடந்து திட்டை நோக்கி வந்தது.

திட்டில் மஞ்சக்காலி என்ற ஆட்காட்டி அடைகாத்துக்கொண்டிருந்தது. பறவைகள் எல்லாம் அதன் பேச்சைக் கேட்டு நடந்தன. அந்தக் கோடையில்தான் அதன் துணையைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிருந்தது. நான்கு முட்டைகளுக்கு இப்போது அது ஒன்றுதான் காவல். வெயில் ஏறினால் மடுவுக்குப் பறந்து வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரவைக்கும். கொஞ்ச நேரம் தாமதித்தாலும் முட்டை வெந்துவிடும்.

கரியம்மையைக் கண்டதும் மஞ்சக்காலி எழுந்து உச்சக் குரலில் கூவியது.

"ஏய், நான்தான்!" என்றது கரியம்மை.

"தெரியுது பெரியம்மா! அதுக்குத்தான் கூவுறேன்!"

கரியம்மை சிரித்துக்கொண்டது. "இனிமே எருமை ஆத்துல இறங்கினா மட்டும் கூவு. நாங்க இறங்கினா வாயை மூடிக்கோ. தினமும் எங்க சாணம், புது லத்தி கொண்டாந்து திட்டுல போடச் சொல்றேன். உள்ளே வண்டு கொழுகொழுன்னு இருக்கும். மேயப் போற வேலையே இருக்காது!"

பக்கத்தில் நின்ற வெடுக்கனுக்கு நாக்கில் நீர் ஊறியது. வெடுக்கன் மஞ்சக்காலியின் கொழுந்தன். வாய்த்துடுக்கு அதிகம், வயிறு அதைவிட அதிகம்.

மஞ்சக்காலி தலையை ஆட்டியது. "வேண்டாம் பெரியம்மா. நீங்க வர்றப்போ நான் வாயை மூடினா, நாளைக்கு நான் கூவுறதை எவன் நம்புவான்? நீங்களே நம்ப மாட்டீங்க!"

கரியம்மையின் காது விறைத்தது. "நாலு முட்டை போட்டிருக்கே போல. எங்க காலு பெருசு. இருட்டுல கண்ணு தெரியாது."

"காலை வைங்க. ஆனா நான் கூவாம நீங்க வைக்க முடியாது!"

கரியம்மை திரும்பிப் போனது. அது போன சுவடு மறையுமுன் திமிலன் வந்து நின்றது. மஞ்சக்காலி அதற்கும் அதே உச்சக் குரலில் கூவியது.

"யானை இறங்கினா கூவு. நாங்க இறங்கினா கம்முனு இரு" என்றது திமிலன். "எங்க கன்னுங்களை விட்டுக் கரையைச் சேறா மிதிக்கச் சொல்றேன். புழு தானா மேலே வரும்!"

"வேண்டாம் அண்ணாச்சி."

"எங்க பக்கம் சேரலைன்னா அவங்க பக்கம்னு அர்த்தம்!"

"ஆத்துக்கு நடுவுல திட்டைப் போட்டது நான் இல்லையே! எந்தப் பக்கம் நகத்துறது, நீங்களே சொல்லுங்க!"

திமிலன் மூச்சை விட்டது. அந்தக் காற்றில் மஞ்சக்காலியின் இறகுகள் எல்லாம் சிலிர்த்தன. ஆனால் ஒரு கால்கூடப் பின்னால் நகரவில்லை. பயமில்லாமல் இல்லை, முட்டைகளை விட்டு எங்கே நகர்வது?

திமிலன் போனதும் வெடுக்கன் துள்ளி வந்தது.

"மதினி, உங்களுக்குப் புத்தி இருக்கா? தேடி வந்த லட்சுமியைக் காலால தள்ளுறீங்களே! பாதிப் பேரு கிழக்கே போவோம், பாதிப் பேரு மேற்கே போவோம். லத்தியும் நமக்கு, சேறும் நமக்கு! ரெண்டு பக்கமும் நம்ம ஆளு!"

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளு இருப்பான். நடுவுல யாரு இருப்பா?" என்று கேட்டது மஞ்சக்காலி.

அதற்குள் இளசுகளுக்கு வண்டின் வாசனை அடித்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பறந்தன. கிழக்குக் கரையில் ஒரு கூட்டம், மேற்குக் கரையில் ஒரு கூட்டம். திட்டில் மஞ்சக்காலி தனியாக நின்றது.

அதன்பிறகு ஆற்றில் யாரும் அமைதியாகத் தண்ணீர் குடித்ததே இல்லை. ஒரு யானை தாகத்துக்கு இறங்கினால் மேற்குப் பறவைகள் கத்தும். காட்டெருமைகள் தடதடவென்று ஓடிவரும். ஒரு காட்டெருமை இறங்கினால் கிழக்குப் பறவைகள் கத்தும். யானைகள் பிளிறிக்கொண்டு ஓடிவரும். தன் படை போகும்போது தன் பறவைகள் கூவாமல், எதிரி இறங்கும்போது மட்டும் கூவியதால், ஆற்றில் இறங்குவது எப்போதும் எதிரிதான் என்றே இரண்டு பக்கமும் நினைத்தன. மேய்ச்சலை விட்டுவிட்டு, ஆற்றின் மேல்வளைவில் முறைத்துக்கொண்டு நின்றே இரண்டும் இளைத்தன. கொழுத்தது வெடுக்கன் ஒன்றுதான்.

கொழுத்த பறவைக்குச் சோம்பலும் வந்தது. "கன்னு, குட்டிக்கெல்லாமா கூவுறது? தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்று அது சொல்லிவிட்டது. சின்னவர்கள் இறங்கினால் திட்டிலிருந்த மஞ்சக்காலியைத் தவிர யாரும் கூவவில்லை.

இதையெல்லாம் தூரத்துப் பாறையிலிருந்து செந்நாய்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் தலைவன் ஒருநாள் காலையில் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது.

"கிழக்கே கூவுறவன் எருமைக்குக் கூவத்தான் கூலி வாங்குறான். மேற்கே கூவுறவன் யானைக்குக் கூவத்தான் கூலி வாங்குறான். நம்ம பேரைச் சொல்லி எவனும் கூலி குடுக்கல. வாங்கடா, போவோம்!"

அதே நேரம் ஒரு யானைக்குட்டி கிழக்கேயிருந்து மடுவுக்கு வந்தது. அது கரியம்மையின் கடைக்குட்டி. மேற்கேயிருந்து ஒரு காட்டெருமைக் கன்று வந்தது. அது திமிலனின் கன்று. பெரியவர்கள் மேல்வளைவில் முறைத்துக்கொண்டு நிற்க, சின்னவர்களுக்குத் தாகம் தாங்கவில்லை.

"இது எங்க தண்ணி! தள்ளிப் போ!" என்றது யானைக்குட்டி.

"உங்க தாத்தா வெட்டுன குளமா? எங்க தண்ணி!" என்றது கன்று.

இரண்டும் வீட்டில் கேட்ட பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருக்க, செந்நாய்கள் வயிறு தரையில் உரச ஆற்றுமணலில் வந்துகொண்டிருந்தன.

கிழக்குப் பறவை ஒன்று பார்த்துவிட்டது. "வெடுக்கண்ணே! செந்நாய்!"

"எருமையா?"

"இல்ல."

"அப்ப நமக்கென்ன? வாயை மூடு!"

மேற்கிலும் இதே பேச்சுத்தான். "யானை இல்லையே? பேசாம இரு!"

மஞ்சக்காலி கூவியது. கூவியது என்றா சொன்னேன்? நெஞ்சு வெடிக்கக் கதறியது.

மேல்வளைவில் கரியம்மை காதை உயர்த்தியது. "நம்ம பறவைங்க கூவல. இது அந்தத் திட்டுக்காரி. எருமைக்காரன் அவளை வாங்கிட்டான் போல. நாம அசைஞ்சா வேலியைத் தாண்டிருவான். எவனும் நகராதீங்க!"

எதிரில் திமிலனும் அதையே சொன்னது. "யானைக்காரி சூழ்ச்சி! நில்லுங்க!"

அட, பெரியவர்களே! காவல் காத்த குரலைக் காசுக்குக் கேட்ட பாவம், காப்பாற்றும் குரலும் உங்களுக்குப் பொய்யாகப் போய்விட்டதே!

செந்நாய்கள் மடுவைச் சூழ்ந்தன. யானைக்குட்டியும் கன்றும் சண்டையை மறந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

மஞ்சக்காலி முட்டைகளைப் பார்த்தது. வெயில் கற்களில் ஏறத் தொடங்கியிருந்தது. இப்போது போனால் முட்டைகள் போகலாம். போகாவிட்டால் இரண்டு உயிர் போகும். அது பறந்தது.

செந்நாய்த் தலைவனின் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தது. ஒரு சிறகை ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு செந்நாய்கள் அதன் பின்னால் பாய்ந்தன, மற்றவையும் குட்டிகளை விட்டுத் திரும்பிப் பார்த்தன. ஒன்று வாலிறகைக் கவ்விப் பிய்த்தது. மஞ்சக்காலி துள்ளி எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி இழுத்தது. ஓடிக்கொண்டே கிழக்கே பார்த்துக் கத்தியது.

"ஏ வெடுக்கா! லத்தியில கிடந்த வண்டைத் தின்ன வாயா இருந்தாலும் அது ஆட்காட்டி வாய்தானே! திறடா!"

வெடுக்கன் தலை குனிந்தது. ஆனால் மேற்குக் கரையில் ஓர் இளம் பெட்டைக்குத் தொண்டை நிற்கவில்லை. கூலியாவது, ஒப்பந்தமாவது! அது கூவியது. அடுத்தது கூவியது. கிழக்கிலும் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எல்லாம். கடைசியில் வெடுக்கனும் வாயைத் திறந்தது. பிரிந்துபோன இரண்டு கூட்டமும் ஒரே குரலாகக் கூவின. காடே கிடுகிடுத்தது.

"நம்ம பறவை கூவுது! எருமை இறங்கிட்டான்!" என்று கரியம்மை பிளிறியது.

"நம்ம பறவை கூவுது! யானை இறங்கிருச்சு!" என்று திமிலன் உறுமியது.

இரண்டு படையும் போருக்குத்தான் கிளம்பின. மண் பறக்க, மரவேலி சிதற, மடுவை நோக்கி ஓடிவந்தன. வந்து பார்த்தால் நடுவில் செந்நாய்கள்! கிழக்கே பார்த்தால் தந்தம், மேற்கே பார்த்தால் கொம்பு. செந்நாய்கள் வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், எந்தப் பாறையிலிருந்து வந்தோம் என்பதே அவற்றுக்கு மறந்துபோனது.

புழுதியில் கண் தெரியாமல் குட்டிகளும் ஓடின. அகப்பட்ட காலுக்கு நடுவே போய்ப் புகுந்துகொண்டன. புழுதி அடங்கியபோது கன்று கரியம்மையின் வயிற்றுக்குக் கீழே நின்றது. யானைக்குட்டி திமிலனின் முன்னங்கால்களுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு படைக்கும் இன்னொரு படைக்கும் இடையில் அந்தத் திட்டு மட்டும்தான் இருந்தது. கரியம்மை தும்பிக்கையைத் தூக்கியது. திமிலன் தலையைத் தாழ்த்தியது. யாராவது ஒருவர் ஓர் அடி வைத்தால் போதும்.

மஞ்சக்காலி தத்தித் தத்தி ஓடிவந்தது. வாலில் ஓர் இறகு இல்லை. முட்டைகளின் மேல் ஏறி நின்று இரண்டு சிறகையும் அகல விரித்தது.

"நில்லுங்க!"

அந்தக் குரலில் இரண்டு படையும் நின்றன.

"பெரியம்மா, உங்க குட்டி யார் காலுக்குள்ள நிக்குதுன்னு பாருங்க! அண்ணாச்சி, உங்க கன்னை யார் மறைச்சு நிக்குறாங்கன்னு பாருங்க! கன்னுக்காக வந்தீங்கன்னா, கூட்டிக்கிட்டுப் போங்க. சண்டைக்காக வந்தீங்கன்னா, முதல் மிதி என் மேல! நான் பறக்க மாட்டேன்!"

கரியம்மை பார்த்தது. திமிலன் குட்டியை மிதிக்கவில்லை. ஒரு குளம்பைத் தரையில் வைக்காமல் தூக்கியே வைத்திருந்தது. திமிலனும் பார்த்தது. கரியம்மையின் முன்னங்கால் கன்றை மறைத்து அணைத்திருந்தது.

தும்பிக்கை இறங்கியது. கொம்பு நிமிர்ந்தது. குட்டியும் கன்றும் திட்டைச் சுற்றிக்கொண்டு அவரவர் பக்கம் போய்ச் சேர்ந்தன.

"நாளையிலேருந்து நீங்க இறங்கினாலும் கூவுவோம், அவங்க இறங்கினாலும் கூவுவோம். லத்தியும் வேண்டாம், சேறும் வேண்டாம்" என்றது மஞ்சக்காலி.

"நாங்க ஒத்துக்கலைன்னா?" என்று கேட்டது கரியம்மை. குரலில் பழைய மிடுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஒத்துக்கலைன்னாலும் கூவுவோம். அது எங்க பிறப்பு. ஆனா எங்களை விலைக்கு வாங்கினா, கூவுறது உங்க காதுல ஏறாது. இன்னிக்கு ஏறல, பாத்தீங்கல்ல?"

அவ்வளவு பெரிய தலையைக் கரியம்மை மெல்லத் தாழ்த்தியது. திமிலனும் குனிந்தது. காட்டில் இருந்த சின்னவர்கள் எல்லாம் அதைக் கண்ணாரக் கண்டார்கள். கரடி மார்தட்டிக்கொண்டது. முயல்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

பறவைகள் திட்டுக்குத் திரும்பின. வெடுக்கன் மடுவுக்குப் போய் வயிற்றை நனைத்து வந்து, மதினியின் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. ஒரு முட்டை வெயிலில் கெட்டுப்போயிருந்தது. மஞ்சக்காலி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது. மற்ற மூன்றும் பொரிந்தன.

யானையும் காட்டெருமையும் அதன்பிறகு கட்டிப்பிடித்துக் கொஞ்சிக் குலாவின என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். இப்போதும் முறைப்பு உண்டு. ஆனால் ஒருவர் இறங்கும்போது மற்றவருக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்தது. பயம் குறைந்ததால் மரவேலியில் மான் போகுமளவுக்கு வழி விட்டார்கள், மிச்சமிருந்த புற்றுகளைக் கரடிக்கு விட்டார்கள்.

அடுத்த மழைக்கு வேறு காட்டிலிருந்து ஒரு நாரை வந்தது. "இந்தக் காட்டுல யாரு கை ஓங்கியிருக்கு? யானையா, எருமையா? யார் பக்கம் சேர்ந்தா நல்லது?" என்று கரடியிடம் விசாரித்தது.

கரடி நெஞ்சை நிமிர்த்தியது. "ரெண்டு பேரும் பெரியவங்கதான். ஆனா ரெண்டு பேரும் எங்க ஆட்காட்டித் திட்டைச் சுத்தித்தான் நடப்பாங்க! போய்ப் பாரு!"

வலியவர் இருவர் பகைத்து நிற்கும் எல்லையில், எவருக்கும் விலைபோகாத எளியவரின் குரலே எல்லோருக்கும் காவல்.